காது அடைத்துப் பிறந்த பிள்ளைக்கு இப்போதே சிடி ஸ்கேனும் ஆபரேஷனும் வேண்டுமா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மகளுக்கு இரண்டரை வயது. வலது காது மடல் பிறவியிலேயே சிறுத்து, துவாரமே இல்லாமல் இருக்கிறது. இடது காது பார்க்க நன்றாக இருக்கிறது. உடனே சிடி எடுத்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் ஒருவர். பள்ளிக்கூடம் போகிற வயது வரட்டும் என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில், மனைவியின் தம்பிக்கு 19 வயது; சிறு வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம், ஆனால் காதில் வெளிக்குறை எதுவும் இல்லை. அவருக்கு நடுக்காதில் அங்கவடி என்கிற குட்டி எலும்பு அசையவில்லை என்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடும்ப வியாதியா, ஸ்கேன் யாருக்கு வேண்டும் என்று கேட்கிறார்.

காது அறுவை சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இப்போது ஸ்கேன் அவசரமில்லை, எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அவசரம். மைத்துனருக்கு அப்படியில்லை. சிடி பார்க்காமல் அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில் பிள்ளையின் காது. சத்தம் மடலில் விழுந்து, குழாய் வழியாகப் போய் செவிப்பறையை அசைக்கிறது. செவிப்பறையின் உள்பக்கம் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் கோத்து நிற்கின்றன. அங்கவடியின் பாதம் உள்காதின் சாளரத்தில் உட்கார்ந்து அந்த அசைவை உள்ளே இருக்கும் நீருக்குக் கொடுக்கிறது. கருவில் மடல், குழாய், இந்த எலும்புகள் ஆகியவை கருவின் கழுத்துப் பக்கம் தோன்றும் செவுள் வளைவுகள் என்ற மடிப்புகளில் முதல் இரண்டைச் சார்ந்து உருவாகின்றன. உள்காது உருவாவது வேறொரு திசுவிலிருந்து. அதனால்தான் வெளியே துவாரமே இல்லாத பிள்ளைக்கும் உள்காதும், சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகும் கேள்வி நரம்பும் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கின்றன. அந்தக் காது முழுச் செவிடு அல்ல. பொதுவாக 50 முதல் 60 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை கேள்வித்திறன் குறையும். பக்கத்தில் நின்று பேசுவது அரைகுறையாக எட்டும், உரக்கக் கூப்பிட்டால் கேட்கும்.

இப்படிப் பிறப்பது சுமார் 10,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு. ஒரு பக்கம் மட்டும் வருவதுதான் அதிகம், அதிலும் வலது பக்கம்தான் அதிகம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் இப்படிப் பிள்ளை பிறந்தால் தாயைப் பார்த்து முதலில் வருகிற கேள்வி, "மக்ளே, கெரகணத்தன்னைக்கு வெளிய எறங்குனியா?" என்பதுதான். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு எத்தனையோ தாய்மார் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காரணம் என்று தெரிந்தவற்றில், கர்ப்ப காலத்தில் தாய்க்கு இருந்த சர்க்கரை நோயும், பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெடினோயின் போன்ற சில மாத்திரைகளும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளில் அதுவும் கிடையாது. உங்கள் மனைவியிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது பெரா டெஸ்ட். குழந்தையைத் தூங்கவைத்து, சத்தத்துக்குக் கேள்வி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்கிற சோதனை. இதைக் காற்று வழி (காதில் சத்தம் கொடுத்து), எலும்பு வழி (மண்டையெலும்பில் அதிர்வு கொடுத்து) இரண்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். துவாரம் இல்லாத காதில் எலும்பு வழி எடுக்காமல் உள்காதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பிறந்த குழந்தைகளுக்கு எடுக்கும் ஓஏஇ சோதனையும் அடைத்த காதில் பயன்படாது. வலது காதைவிட முக்கியம், நன்றாக இருக்கிறது என்று நாம் நம்புகிற இடது காதின் அளவு. வலது காதில் குறை கண்ணுக்குத் தெரிவதால் எல்லார் பார்வையும் அங்கேயே போய்விடும். இடது காதில் சளி கோத்துப் பிள்ளைக்கு இரண்டு காதும் மந்தமாகிக் கிடப்பதை யாரும் கவனிக்காமல் விடுவது உண்டு. இந்தப் பிள்ளைக்கு இடது காதுதான் முதல். சளி பிடித்தால், காது வலி என்றால், சீழ் வந்தால், அன்றைக்கே காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேள்விச் சோதனை செய்யுங்கள்.

இடது காது சரி என்று உறுதியானால் பேச்சு வந்துவிடும். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும், இரைச்சலுக்குள் ஒருவர் பேச்சைப் பிரித்துக் கேட்பதும் ஒற்றைக் காதால் கஷ்டம். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் முன்வரிசையில், கரும்பலகையைப் பார்த்தபடி வலது ஓரத்தில் உட்கார வையுங்கள். அப்போது இடது காது வகுப்பின் பக்கம் திரும்பியிருக்கும். தெருவைக் கடக்கும்போது கையை விடாதீர்கள்.

எலும்பு வழியாகக் கேட்கவைக்கும் மிஷின் இருக்கிறது. தலையைச் சுற்றி மெல்லிய துணிப் பட்டை, அதில் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டி நிற்கும் சிறு கருவி. ஆபரேஷன் வேண்டாம், கைக்குழந்தைக்கே கட்டலாம். இரண்டு காதும் அடைத்துப் பிறந்த பிள்ளையாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் கட்டியே ஆக வேண்டும் என்று சொல்வேன், அதில் தயக்கமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு மாதம் இரவல் கருவி கட்டிப் பார்த்து, பிள்ளை அதை விரும்பி வைத்துக்கொள்கிறாளா என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது என்பது என் கருத்து. நம்மூர் வெக்கையில் இதில் இரண்டு தொந்தரவு உண்டு. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் பட்டை வழுக்கி இறங்கிவிடும், கருவி எலும்பை விட்டு விலகினால் கேட்காது. கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் பேட்டரி முனையில் படிந்து பச்சை பிடிக்கும். கருவி வைக்கிற இடத்தில் எண்ணெய் வேண்டாம். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

இனி சிடி. எப்போது, எதற்காக? நடுக்காதைத் திறந்து குழாய் உண்டாக்க முடியுமா என்று முடிவெடுக்கத்தான் அந்தப் படம். அந்த முடிவு இரண்டரை வயதில் எடுக்கப் போவதில்லை. இப்போது எடுத்தால் பிள்ளையை மயக்க வேண்டும், கதிர்வீச்சு படும். காதுக்குப் பின்னெலும்பில் காற்றறைகள் வளர்ந்துகொண்டிருக்கிற வயது இது. ஆபரேஷன் நேரத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஐந்து, ஆறு வயதில் எடுத்தால் ஒரே படத்தில் பதில் கிடைக்கும். விதிவிலக்கு உண்டு. துவாரம் முழுக்க அடைபடாமல் ஊசிமுனை போலக் குறுகி இருந்தால், அதாவது 2 மி.மீ. அல்லது அதற்கும் கீழே என்றால், உள்ளே உதிரும் தோல் வெளியேற வழியில்லாமல் உருண்டு திரண்டு எலும்பை அரிக்கும். கொலஸ்டியாடோமா என்பார்கள். அப்படிப்பட்ட காதில் சீழ், நாற்றம், காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் வயது பார்க்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ இந்தத் தோல் உருண்டையைக் காட்டும், ஆனால் குட்டி எலும்புகளைக் காட்டாது. அதனால் ஆபரேஷன் திட்டத்துக்கு சிடிதான்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, பத்திரமாக வைத்திருங்கள். பெரிய கவரில் ஃபிலிமை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். எங்களுக்கு வேண்டியது ஸ்கேன் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தகடு. டெம்போரல் எலும்புக்கான, அதாவது காதைச் சுற்றியுள்ள மண்டையெலும்புக்கான உயர் துல்லிய சிடி ஸ்கேன், 1 மி.மீ.க்கும் மெல்லிய வெட்டுகள், கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. "குழாய் அடைப்பு, எலும்புகள் உருக்குலைவு" என்று இரண்டு வரி ரிப்போர்ட் இருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. படத்தை நாங்களே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என்ன பார்க்கிறோம்? இயல்பான காதில் ஒரு குறுக்குவெட்டில் சுத்தியின் தலையும் பட்டடையின் உடலும் சேர்ந்து ஐஸ்கிரீம் கோன் போலத் தெரியும்: உருண்டை சுத்தி, கூம்பு பட்டடை, நடுவில் மெல்லிய கோடாக மூட்டு. அடைத்த காதில் அந்தக் கோடு இருக்காது. இரண்டும் ஒன்றாக இறுகி, செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் எலும்புத் தகட்டோடு ஒட்டிக்கிடக்கும். அது ஒட்டியிருப்பது பெரிய சிக்கல் அல்ல, விடுவித்துவிடலாம். அதற்குக் கீழே அங்கவடி ஒழுங்காக இருக்கிறதா என்பதே கேள்வி. அமெரிக்கக் காது மருத்துவர் ஜார்ஸ்டர்ஃபர் 1992இல் வெளியிட்ட பத்து மதிப்பெண் முறையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். அதில் அங்கவடிக்கு மட்டும் இரண்டு மதிப்பெண், மற்ற எட்டுக்கும் ஒவ்வொன்று: அங்கவடி உட்காரும் நீள்வட்டச் சாளரம், வட்டச் சாளரம், நடுக்காதின் இடம், முக நரம்பின் பாதை, சுத்தி–பட்டடைத் தொகுதி, பட்டடைக்கும் அங்கவடிக்கும் இணைப்பு, பின்னெலும்பின் காற்றறை, வெளிமடலின் தோற்றம். எட்டோ அதற்கு மேலோ வந்தால் நல்ல வாய்ப்பு. ஏழு என்றால் யோசிக்கலாம். ஆறும் கீழேயும் என்றால் ஆபரேஷனால் வரும் லாபத்தைவிட ஆபத்து அதிகம். அந்தப் பிள்ளைகளுக்குக் குழாய் வெட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

மதிப்பெண் பட்டியலில் முக நரம்புக்கு ஒன்றுதான், ஆனால் என் கண் முதலில் தேடுவது அதைத்தான். முகத்தின் அந்தப் பாதியை அசைக்கிற நரம்பு அது. கண் மூடுவது, சிரிப்பது எல்லாம் அதன் கையில். இயல்பாக அது நடுக்காதின் பின்னால் செங்குத்தாக இறங்கும். இந்தக் காதுகளில் இரண்டாவது வளைவில் சட்டென்று மடங்கி, முன்னாலும் வெளிப்பக்கமாகவும் வந்துவிடும், நாங்கள் டிரில் வைத்து வழி திறக்க வேண்டிய இடத்திலேயே. சில காதுகளில் நீள்வட்டச் சாளரத்தின் மேலேயே படுத்துக்கிடக்கும். படத்தில் இதைத் தெரிந்துகொண்டு போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல. ஆபரேஷனின்போது நரம்பு மானிட்டர் வைத்துக்கொள்வார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

அவசர ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம், காது மடல். விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்துச் செதுக்கி, பிள்ளையின் சொந்தத் தோலுக்கடியில் வைத்துப் புது மடல் செய்வார்கள். அதற்குப் போதுமான குருத்தெலும்பு வேண்டும். ஆறு முதல் பத்து வயதுக்குள் செய்வது வழக்கம். மார்புச் சுற்றளவு 60 செ.மீ. ஆகட்டும் என்று காத்திருக்கும் அறுவை மருத்துவர்களும் உண்டு. தழும்பு விழாத நல்ல தோல் அந்த இடத்தில் இருந்தால்தான் மடல் நன்றாக வரும். முதலில் நடுக்காதைத் திறக்கிறேன் என்று அங்கே கத்தி வைத்துவிட்டால், பின்னால் மடல் செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன் தழும்பின் மேல்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். விலா குருத்தெலும்பில் செய்வதென்றால் மடல் முன்னால், குழாய் பின்னால். செயற்கைச் சட்டகம் வைத்து மடல் செய்கிற முறையில் மட்டும் வரிசை மாறலாம். இரண்டு மருத்துவர்களும் ஒருமுறையாவது சேர்ந்து பேச வேண்டும்.

வலது காதின் மிச்சமடலில் காது குத்தவும் வேண்டாம். அந்தச் சிறு சதைதான் பின்னால் புது மடலின் தொங்கு சதையாகத் திருப்பி வைக்கப்படும். காதுகுத்து விழாவைத் தள்ளிப்போட வேண்டாம், இடது காதில் குத்தி, மாமன் மடியில் உட்காரவைத்து எல்லாச் சடங்கும் நடத்துங்கள்.

குழாய் உண்டாக்கும் ஆபரேஷன் என்பது தோலில் ஓட்டை போடுவதல்ல. எலும்பைக் குடைந்து வழி செய்து, தகட்டிலிருந்து குட்டி எலும்புகளை விடுவித்து, தலையின் பக்கத்தசை மேலிருக்கும் சவ்வை எடுத்துப் புதுச் செவிப்பறை வைத்து, உடலின் வேறு இடத்திலிருந்து எடுத்த மெல்லிய தோலால் அந்தக் குழாயின் உள்சுவரைப் போர்த்துவது. நல்ல மதிப்பெண் உள்ள காதில் கேள்விக் குறை 30 டெசிபெல் அளவுக்கு இறங்குவது உண்டு. அது நிரந்தரம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. குழாய் மறுபடி சுருங்கலாம், புதுச் செவிப்பறை எலும்பிலிருந்து விலகி வெளிப்பக்கம் வந்துவிடலாம். டிரில் அதிர்வால் உயர்ஸ்தாயிக் கேள்வி குறையலாம். ஒட்டிய தோலுக்குத் தானாகச் சுத்தமாகும் குணம் கிடையாது. வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஓரிரு முறை மைக்ரோஸ்கோப்பில் காதைச் சுத்தம் செய்ய வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, குளமும் கடலும் ஆறும் பக்கத்தில். திற்பரப்பு அருவியில் நனைந்து, வாரம் கழித்துக் காதில் பூஞ்சையோடு வருகிற காதுகளை நான் நன்றாக அறிவேன். திறந்த காது என்றால் அதில் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும். காதில் எண்ணெய் விடுவது அறவே கூடாது.

இதனால்தான் ஒரு பக்கக் குறைக்கு எலும்பில் பதிக்கும் கருவியையும் சமமாக யோசியுங்கள் என்பேன். 1977இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பாஹா என்ற முறை: காதுக்குப் பின்னெலும்பில் டைட்டானியம் திருகு, எலும்போடு சேர்ந்து இறுகிவிடும், அதன்மேல் கருவி. இப்போது தோலுக்கடியிலேயே வைக்கிற வகைகளும் உண்டு. மண்டையோட்டுக்குப் போதுமான கனம் வேண்டும் என்பதால் பொதுவாக ஐந்து வயதுக்கு முன் செய்வதில்லை. முக நரம்பு அபாயம் இல்லை, கிடைக்கும் கேள்வி அளவை முன்கூட்டியே கணிக்கலாம். புது மடல் வரப்போகும் தோலில் படாதபடி திருகின் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

மிச்சமிருப்பது ஒரு சின்ன சோதனைப் பட்டியல். இப்படிப் பிறந்த பிள்ளைக்கு அதே பக்கத் தாடை சிறுத்திருக்கிறதா, கண்ணின் வெள்ளையில் கட்டி இருக்கிறதா, கழுத்தெலும்பு சரியா என்று குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஒன்று எடுத்துவிடுங்கள், வலியும் கதிர்வீச்சும் இல்லாதது.

இனி மைத்துனர். பிறவியிலேயே குட்டி எலும்புகள் மட்டும் குறையாகி, குழாயும் செவிப்பறையும் நன்றாக இருக்கும் காதுகள் உண்டு. டச்சு மருத்துவர்களான டியூனிசன், க்ரெமர்ஸ் இருவரும் 1993இல் இவற்றை நான்காகப் பிரித்தார்கள். அங்கவடி மட்டும் இறுகியிருப்பது, அதோடு மற்ற எலும்பிலும் குறை, அங்கவடி அசைந்து மற்ற எலும்பில் மட்டும் குறை, சாளரமே உருவாகாதது. முதல் மூன்றிலும் ஆபரேஷன் நன்றாகவே கைகொடுக்கும். நாலாவதில் உள்ளே போகாமல் காது மிஷின் கொடுப்பது புத்திசாலித்தனம். காதுக்குழாய் திறந்திருப்பதால் சாதாரண மிஷினே அவருக்கு நன்றாக உதவும், இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

என் கவலை வேறொன்று. ஆண்பிள்ளை, சிறுவயது முதல் இரண்டு காதும் மந்தம், அங்கவடி அசையவில்லை என்று, கேள்வி அளவைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராமை வைத்துச் சொல்கிறார்கள். இந்தச் சேர்க்கையில் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ஒரு பிறவிக்குறை ஒளிந்திருக்கலாம். பிஓயூ3எஃப்4 (POU3F4) என்ற மரபணுவின் கோளாறு. அந்தக் காதில் மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதுக்கும் நடுவே இருக்க வேண்டிய எலும்புத் தடுப்பு இருக்காது. ஆபரேஷனில் பிஸ்டன் என்கிற சிறு செயற்கைத் தண்டு வைப்பதற்காக அங்கவடியின் பாதத்தில் துளை போட்ட நொடியில் நீர் பீறிட்டு வரும். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த காது அத்தோடு முழுச் செவிடாகிவிடலாம். சிடியில் இது தெளிவாகத் தெரியும்: கேள்வி நரம்பு வரும் கால்வாய் அகன்று, காக்ளியா என்கிற உள்காதின் நத்தைச் சுருளின் அடியில் நேராகத் திறந்து கிடக்கும். மயக்கம் வேண்டாம், சில நிமிட வேலை. 19 வயதுக்காரருக்கு இந்தப் படத்தை மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை. ஆடியோகிராமில் எலும்பு வழிக் கோடும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இறங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அவருடைய தாய்மாமன்மார் யாருக்காவது சிறு வயதிலேயே காது மந்தம் இருந்ததா என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்குகிற குறை இது.

உங்கள் மகளின் அடைத்த காதும் இதுவும் ஒரே வியாதி அல்ல. அவளுடைய குறை பெரும்பாலும் குடும்பத்தில் திரும்ப வராது. ஆனால் மைத்துனருக்கு நான் சொன்ன குறை உறுதியானால், உங்கள் மனைவியும் அந்த மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். அடுத்து ஆண்குழந்தை பிறந்தால் முதல் மாதத்திலேயே கேள்விச் சோதனை எடுக்க வேண்டும். சிடி சுத்தமாக வந்தால் பயமில்லாமல் ஆபரேஷனுக்குப் போகலாம். கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிற வேலை அவருக்கு உண்டென்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லட்டும். அங்கவடிக்குப் பதில் பிஸ்டன் வைத்த காதோடு ஆழத்தில் முங்குவதை நான் அனுமதிக்க மாட்டேன், அந்தத் தொழிலில் இருப்பவருக்கு மிஷின்தான் சரி.

எங்கே போவது? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்குங்கள். குழித்துறையிலிருந்து ரயிலேறினால் திருவனந்தபுரம்; அங்கே ஆக்குளத்தில் நிஷ் என்கிற தேசிய பேச்சு, கேள்வி நிறுவனம் இருக்கிறது, குழந்தைகளின் கேள்விச் சோதனைக்கு அருமையான இடம். குழாய் உண்டாக்கும் ஆபரேஷனுக்கு மட்டும், அதைத் தொடர்ந்து செய்கிறவரைத் தேடி எவ்வளவு தூரமானாலும் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குறிப்பிட்ட ஆபரேஷனும் கருவியும் வருமா என்று காப்பீட்டு அலுவலரிடம் தேதி குறிப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபெல் குறை வேண்டும். ஒரு காது சரியாக உள்ள உங்கள் மகளுக்கு அது கிடைக்காது, அதற்காக அலைய வேண்டாம். மைத்துனரின் ஆடியோகிராமில் அந்த அளவு வந்தால் அவர் விண்ணப்பிக்கலாம்.